நான்கு சென்டிமீட்டர்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய முழங்கால் வலி மட்டும் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உன் காது எப்படி? போன வாரம் போனில் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று கதவைத் தட்டிவிட்டார். இனி நமக்குக் கடிதம்தான் லாயக்கு.

இங்கே தலைக்கு மேல் வேலை. இத்தனை காலம் புகையைக் கக்கி மழையைக் கெடுத்த பெரிய நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு வெள்ள நிதி வைக்கப்போகின்றன. அந்த மழையில் மூழ்குகிற நம்மைப் போன்ற நாடுகளுக்கு அதிலிருந்து உதவி. இதுவரை எப்படி நடந்தது என்று உனக்கே தெரியும். மனு எழுதி, படம் எடுத்து அனுப்பி, அதிகாரிகள் வந்து பார்ப்பதற்குள் சுவர் காய்ந்துவிடும். இனி ஒவ்வோர் ஆற்றுக்கும் ஓர் அளவு. தண்ணீர் அந்த அளவைத் தொட்டால் உதவி தானாக வந்தாக வேண்டும். யாரும் யாரிடமும் கையேந்த வேண்டாம். இந்த ஒரு ஷரத்துக்காக எங்கள் குழு மூன்று வருடம் மல்லுக்கட்டியிருக்கிறது.

அட்டவணை தயாரிப்பது என் பொறுப்பு. நம் ஆற்றுக்கு நேரே கட்டம் காலியாக இருக்கிறது. ஆள் அனுப்பி அளக்கப் பணம் இல்லை என்று நம் அரசாங்கம் கையை விரித்துவிட்டது. இருபத்தாறு வருடமாக ஆற்றோரத்து அளவுப் பலகையின் முகத்தில் விழித்துக்கொண்டிருப்பவன் நீ. தண்ணீர் எத்தனை மீட்டருக்கு வந்தால் நம் தெருவுக்குள் நுழையும்? ஒரே ஒரு வரி எழுது.

உன் மனைவிக்கும் என் மருமகளுக்கும் என் அன்பைச் சொல்.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். காது பழையபடிதான். மனைவி திட்டினால் மட்டும் கேட்கிறது என்று அவளே சொல்கிறாள். ஆபீசுக்கு அளவைப் போனில் சொல்கிற வேலையும் இப்போது அவளுடையது. நான் எழுதிக் காட்டுகிறேன், அவள் படிக்கிறாள். என் பேச்சை அவள் மறு பேச்சில்லாமல் திருப்பிச் சொல்வது ஒரு நாளில் அந்த மூன்று வேளைதான்.

நீ கேட்டதற்குப் பதில்: எட்டு மீட்டர். இதற்கெல்லாம் யோசிக்க வேண்டுமா? கரையின் உச்சி எட்டு. ஆறு கரையைத் தாண்டினால்தான் தெரு. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் எட்டைத் தாண்டியது. எதிர்வீட்டுத் தையல்காரர் கடையில் கல்யாணத் துணிகளெல்லாம் மிதந்தன. அன்று பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தெருவில் எனக்கு 'அங்குலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த அங்குலத்தின் பேச்சுக்கு வெளிநாட்டிலும் மரியாதை என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். "மொதல்ல வீட்டுல கெடைக்கட்டும்" என்றாள்.

அத்தானுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வேறு விசேஷம் இல்லை.

தம்பி

ஜூன் 20

என் செல்லத் தம்பி,

எங்கள் சுகத்துக்கு இன்று குறைச்சலே இல்லை. கையெழுத்தாகிவிட்டது! நேற்று மாலை நாலே முக்காலுக்கு. எங்கள் குழுத் தலைவர், சிரித்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதுபோல் இருக்கும் மனிதர், என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நூற்றுப் பதினேழு ஆறுகள். நாற்பதாவது வரிசையில் நம் ஆறு. எதிரே 8.00. அதைத் தட்டச்சு செய்தவள் நான், சொன்னவன் நீ. நகல் இணைத்திருக்கிறேன். தண்ணீர் எட்டைத் தொட்டால் தெருவில் உள்ள அறுபத்துநான்கு வீட்டுக்கும் மேட்டில் மாற்று வீடு கட்டித் தரவேண்டும். தொடக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன், ஆனால் தொட்டால் கேட்க நாதி இருக்கிறது.

முப்பது வருடம் காகிதம் நகர்த்தியே தேய்ந்துபோனேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை தம்பி, ஒரு காரியம் செய்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

அக்கா

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லோரும் நலம். உன்னை நினைத்து எங்களுக்கு மிகவும் பெருமை. நகலைத் தையல்காரர் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்க் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். சட்டைக்கு அளவெடுக்க வருகிறவனெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் கையைத் தூக்குகிறான்.

இங்கே மழை முன்னதாகவே ஆரம்பித்துவிட்டது. போன மாதம் 7.05 வரை வந்து இறங்கியது. தெருமுனைச் சாக்கடை ஓரம் கொஞ்சம் தண்ணீர் நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழு மீட்டர் என்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை. இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது.

உன் மருமகள் பரீட்சையில் தேறிவிட்டாள். கணக்கில்தான் மதிப்பெண் அதிகம். அத்தானின் முழங்கால் தேவலையா?

தம்பி

அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதறாதே. நாங்கள் மூவரும் பள்ளிக்கூடத்து மாடியில், ஐந்தாம் வகுப்பு அறையில் இருக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனைவி அனுப்பிய ஒரு வரிச் செய்தி கிடைத்திருக்கும்.

22ஆம் தேதி காலையிலிருந்தே ஆறு ஏறியது. போன் கம்பம் சாய்ந்துவிட்டதால் ஆபீசுக்குச் சொல்ல வழியில்லை. மணிக்கொரு தரம் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். பதினொரு மணிக்குத் தெருவில் முழங்கால் அளவு. மேசை, நாற்காலி, தையல் மிஷின் எல்லாம் தெருவில் ஊர்வலம் போயின. பிற்பகல் இரண்டு மணிக்கு 7.96. மூன்றுக்கும் 7.96. நாலு மணிக்கு 7.91. அதன் பிறகு இறங்க ஆரம்பித்துவிட்டது.

நம் வீட்டுக்குள் தொடையளவு. அறுபத்துநான்கில் ஒரு வீடுகூடத் தப்பவில்லை. இரண்டு வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

தண்ணீர் வடிந்த மறுநாள் தையல்காரர் மாடிக்கு வந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். "எட்டு வந்துச்சா?" என்று என் நல்ல காதுப் பக்கம் வந்து கேட்டார். சொன்னேன். பிறகு அவர், "ஒன்னத் தவிர யாரும் பாக்கல, அங்குலம். எழுதறதும் நீதான். ஜனவரி கடைசிலதானே பதிவேட்டை வாங்கிட்டுப் போவாங்க? யோசிச்சுக்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய இரண்டு மிஷினும் சேற்றில் கிடக்கின்றன.

பாத்திரங்களைத் தேடி எடுக்க வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

தம்பி

நவம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

உங்கள் மூவரையும் உயிரோடு பார்க்கிற பாக்கியம் இருக்கிறதே, அது போதும் என்று முதலில் தோன்றியது. உடுப்பும் போர்வையும் அனுப்பியிருக்கிறேன். மருமகளுக்கு ஒரு ஸ்வெட்டர் தனியாக.

பிறகு உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். எண்பது சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும் பரவாயில்லை, நான்கு! உனக்கு நன்றாகத் தெரியுமா? தண்ணீர் அலைந்துகொண்டிருந்திருக்கும். மழையில் பலகை மங்கலாகத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் தவறு எந்த அளவிலும் சகஜம் என்று இங்கே நிபுணர்களே சொல்கிறார்கள். உனக்கும் வயதாகிறது, கண்ணாடி மாற்றி மூன்று வருடம் ஆகிறது.

நான் வேறொன்றும் சொல்லவில்லை. நிதானமாக நினைத்துப் பார் என்கிறேன், அவ்வளவுதான். எல்லோரும் கவனமாக இருங்கள்.

அக்கா

டிசம்பர் 15

தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று உன் மனைவி செய்தி அனுப்பினாள். அப்படியென்றால் மனசுக்குத்தான் ஏதோ.

சுற்றி வளைத்து எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. நேராகவே கேட்கிறேன். எட்டு என்று எழுது. யாருடைய சோற்றிலும் நாம் மண் போடவில்லை. அந்த மழையை இப்படி ஆக்கியவர்கள் தரவேண்டியதைத் தருகிறார்கள். கூட்டங்களில் அவர்கள் கணக்கை எப்படியெல்லாம் வளைக்கிறார்கள் என்று கூடவே உட்கார்ந்து பார்க்கிறவள் நான். அவர்கள் வருடா வருடம் விழுங்குகிற பொய்களுக்கு முன்னால் உன் நான்கு சென்டிமீட்டர் எம்மாத்திரம்?

அறுபத்துநான்கு வீடு, தம்பி. அடுத்த மழைக்கும் அவர்கள் அங்கேயே இருக்க வேண்டுமா? எனக்கு இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அக்கா

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடுப்பு வந்து சேர்ந்தது. ஸ்வெட்டரை உன் மருமகள் கழற்றவே மாட்டேன் என்கிறாள். வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். சுவரில் என் இடுப்புக்குக் கீழே ஒரு கோடு. சுண்ணாம்பு அடித்தும் தெரிகிறது.

உன் கடிதம் வந்த அன்று புதுத் தாள் ஒன்றை எடுத்து, அந்த நாளின் பக்கத்தை முதலிலிருந்து படியெடுத்தேன். இரண்டு மணிக்கு 8.00, மூன்று மணிக்கு 8.00. அச்சு அசலாக இருந்தது. மனைவியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நாளைலேருந்து நீங்க எழுதித் தர்றத நான் எப்படிங்க நம்பிச் சொல்றது?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஆற்றுப் போக்கில் நமக்குக் கீழே ஏழு ஊர்கள் இருக்கின்றன. இங்கிருந்து போகும் எண்ணை வைத்துத்தான் எந்தத் தெருவைக் காலி செய்வது என்று அங்கே முடிவெடுக்கிறார்கள். நான்கு சென்டிமீட்டரால் யாரும் சாகப்போவதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த முறை யாராவது பத்து கேட்பார்கள், நானும் கொடுப்பேன். தாளைக் கிழித்துவிட்டேன். 7.96 என்பது 7.96தான். மன்னித்துக்கொள்.

இது பாதிதான். மீதியைச் சொல்லத்தான் இத்தனை நாள் கை வரவில்லை.

எட்டு என்று உனக்கு நான் எழுதியதே தப்பு. கரைக்குத்தான் எட்டு. நான்கு வருடத்துக்கு முன் தெருவுக்குப் பெரிய சாக்கடை கட்டி, அதன் வாயை ஆற்றில் திறந்துவிட்டார்கள். இப்போது ஆறு கரை ஏற வேண்டியதில்லை. சாக்கடை வழியாகப் பின்பக்கமாக வந்துவிடுகிறது. ஜூலையில் 7.05 வந்தபோது தெருமுனையில் தண்ணீர் நின்றது என்று எழுதினேனே, நிற்கவில்லை அக்கா. மூடியைத் தள்ளிக்கொண்டு கொப்பளித்தது. நான் குடையோடு நின்று பார்த்தேன். எட்டு தப்பு என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருடம் ஆற்றையே பார்த்தவன், காலடியில் இருந்த சாக்கடையைப் பார்க்கவில்லை.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் உன் கடிதம் இருந்தது. 'ஒரு காரியம் செய்துவிட்டேன்' என்று எழுதியிருந்தாய். நீ அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதில் எப்படி மண்ணைப் போடுவது என்று உன் மருமகளின் பரீட்சையைப் பற்றி எழுதிவிட்டேன்.

எல்லோரும் என்னை நேர்மையான ஆள் என்று முணுமுணுத்துத் திட்டுகிறார்கள். அந்தத் திட்டுக்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

நலமாக இரு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் கடிதத்தைப் படித்த அன்று உன்னை நேரில் பார்த்திருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன். ஜூலையிலேயே தெரிந்திருந்தால் திருத்த வழி இருந்தது. கையெழுத்தான பிறகும் மூன்று மாதம் திருத்தத்துக்கு அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

கோபம் இரண்டு நாள் இருந்தது. பிறகு என் மீதே திரும்பியது. ஓர் ஆற்றின் அளவைத் தம்பியிடம் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டவள் யார்? வந்ததை ஒரு கேள்வி கேட்காமல் தட்டச்சு செய்தவள் யார்? அதை மறைக்கத்தான் உன்னைப் பொய் எழுதச் சொன்னேனோ என்றுகூட இப்போது நினைக்கிறேன். நீ எட்டு என்று எழுதியிருந்தால் என் எட்டு சரியாகியிருக்கும்.

20ஆம் தேதி நிதியின் கூட்டம். பேச அனுமதி கேட்டேன். எங்கள் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, நீங்க வாயத் தெறந்தா என்ன ஆகும் தெரியுமா? சாக்கடை ஒங்களுது, அதுக்கு நாங்க ஏன் தரணும்னு கேப்பாங்க. மொத்த அட்டவணையும் கந்தலாயிடும்" என்றார். அவர் பயந்ததில் தப்பில்லை. எட்டு தப்பு, ஆறு சாக்கடை வழியாக வந்தது, நம் தெருவுக்கு உதவி வேண்டும் என்று பேசினேன்.

முதல் கேள்வியே, இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்பதுதான். என் தம்பியிடமிருந்து என்றேன். சிரிப்பு எழுந்தது. அளவாய்வு செய்யவில்லையா என்று கேட்டார்கள். அதற்கு எங்களிடம் பணம் இல்லை, இருந்திருந்தால் இந்த மேசைக்கே வந்திருக்க மாட்டோம் என்றேன். தலைவர் பயந்த மாதிரியே சாக்கடையைப் பிடித்துக்கொண்டார்கள். சாக்கடை எங்களுடையதுதான், அதில் ஏறி வருகிற மழை எங்களுடையது மட்டும் இல்லை என்றேன்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு தீவு நாட்டுக்காரர் எழுந்தார். பெரிய உருவம், சின்னக் குரல். எங்கள் எண்ணை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார் என்றார். அடுத்து ஓர் அம்மாள், எங்களுடையதைப் படகோட்டி ஒருவர் சொன்னார் என்றார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். மொத்தம் முப்பத்தொரு ஆறுகள், தம்பி. எல்லாம் யாரோ ஒருவருடைய தம்பியும் வாத்தியாரும் படகோட்டியும் சொன்னது. எவரிடமும் அளக்கப் பணமில்லை, எவரும் வெளியே சொல்லவில்லை. ஒவ்வொருவரும் நாம் மட்டும்தான் இப்படி என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சிரிப்பு நின்றுவிட்டது. முடிவு இதுதான்: அந்த முப்பத்தொரு ஆறுகளின் அளவையும் வீடுகளின் வாசற்படி மட்டத்திலிருந்து அளந்து புதிதாக எழுத வேண்டும். அந்தந்த ஊர்க்காரர்களே அளக்கலாம், பொறியாளர் கையெழுத்துப் போட்டால் போதும். நம் தெருவின் கோரிக்கையை நிராகரிக்கவில்லை. புது அளவை வைத்து அடுத்த கூட்டத்தில் பார்ப்பார்கள். அடுத்த கூட்டம் அக்டோபரில். அதற்கு முன்னால் முடியாதாம்.

அட்டவணையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது தபால் பிரிவில் இருக்கிறேன். இதைத் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டு. உன் தப்பையும் என் தப்பையும் சேர்த்தே படி.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். எனக்காகத் தபால் பிரிவுக்குப் போனாயே என்று தினமும் நினைக்கிறேன். இனி என் கடிதம் உன் கை வழியாகத்தான் உனக்கே வரும் என்று மனைவி சொல்கிறாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தைத் தையல்கடை வாசலில் நின்று படித்தேன். எட்டு என்று சொன்னது நான்தான், ஜூலையில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான்தான் என்று என் வாயாலேயே சொன்னேன். யாரோ என்னவோ கத்தினார்கள். கேட்காத காதுப் பக்கம் என்பதால் தப்பித்தேன். நாலு நாள் எங்களோடு யாரும் பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் மனைவி குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஐந்தாம் நாள் காலை தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு டேப். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். "நீ சொல்லாம இருந்திருந்தா இந்தத் தெருவுல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்குய்யா சொன்ன?" என்றார். பிறகு கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றினார். "சரி, வா. எங்க வாசப்படிலேருந்து ஆரம்பி. இந்தத் தடவ ஒழுங்கா அள" என்றார்.

கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற நீர்க்குழாயை வாங்கினோம். ஒரு முனையைத் தையல்காரர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து, அளவுப் பலகையிலிருந்து வீடு வீடாக வந்தோம். அறுபத்துநான்கு வாசற்படிகள், ஒன்பது நாள். உன் மருமகள் கணக்கைச் சரிபார்த்தாள். இரண்டாம் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலில் வந்து நின்று, தானே குழாயைப் பிடித்தார். பொறியாளர் நேற்று கையெழுத்துப் போட்டார். பட்டியலை இணைத்திருக்கிறேன். நம் வாசற்படி 7.31. எல்லாவற்றிலும் தாழ்ந்தது தையல்காரருடையது, 7.18. அதைத்தான் அட்டவணையில் போட வேண்டும் என்று தெருவில் எல்லோரும் ஒரு மனதாகச் சொல்லிவிட்டார்கள். எழுபது எண்பது வீடு உள்ள மற்ற தெருக்காரர்களும் குழாயைக் கடன் கேட்டிருக்கிறார்கள்.

நான்கு நாளாக மழை. இது மழைக்காலமே இல்லை. இன்று காலை 6.84, மதியம் 6.97. அக்டோபருக்கு முன்னால் முடியாது என்று எழுதியிருந்தாய். முன்னால் வைக்க முடியுமா என்று யாரையாவது கேட்டுப் பார் அக்கா. உன் பேச்சைக் கேட்க இப்போது முப்பது பேராவது அங்கே இருப்பார்கள்.

அத்தானையும் உன்னையும் அன்போடு விசாரிக்கும்,

தம்பி

உறையை ஒட்டும் முன் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 7.09. தையல்காரர் துணிகளை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார். நான் மிஷினைத் தூக்கிக் கொடுக்கப் போகிறேன்.